கொலைகாரனை மட்டும் சொல்லாதேங்கோ

லண்டனில் எங்கள் ஆட்கள் நடத்தும் புத்தக வெளியீடுகள் மேல் எனக்கு நெடுநாள் கோபம். அதை இவ்வளவு காலமும் பகிடியாகவே வெளியில் விட்டு வந்தேன். பகிடி விடுகிறவனுக்குக் கோபம் வராது என்று சனம் நம்பிக்கொண்டிருக்கிறது. போன மாரிக் குளிரில் என் சொந்தப் புத்தகமே மேடை ஏறியபோது கையிருப்பில் இருந்த பகிடி முழுக்கத் தீர்ந்து கோபம் மட்டும் மிஞ்சியது.

வெளியீட்டுக்குப் போய் அறியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லண்டனின் எட்மண்டன் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம். அறிவித்த நேரத்துக்கு மண்டபத் திறப்பு வைத்திருக்கிறவர்கூட வரமாட்டார். பிறகு விளக்கேற்றுவார்கள். போரில் செத்தவர்களுக்கு அகவணக்கம். எங்கள் சனம் ஒருசேர வாயை மூடியிருக்கிற ஒரே நிமிஷம் அதுதான். அதன்பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியாக இன்னொரு வாழ்த்துரை. கடைசியில் ஆய்வுரை.

ஆய்வுரை என்பது, புத்தகத்தை வாசித்த ஒருவர் வாசிக்காத எல்லாருக்கும் அந்தக் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொல்லி முடிப்பது. முடிவைச் சொன்னால்தான் அவர் புத்தகத்தை வாசித்தவர். ஒருமுறை ஒருவர் நேரம் போதாமல் இடையில் நிறுத்திவிட்டார். தேத்தண்ணி வரிசையிலேயே அவருக்கு 'அரைப்புத்தகம்' என்று பட்டம் விழுந்துவிட்டது. பாவம், அந்த மனுசன் பிறகு எட்மண்டன் பக்கமே வருவதில்லை.

கவிதைப் புத்தகம் என்றால் பரவாயில்லை, அதில் சொல்லிக் கெடுக்க ஒரு முடிவு இல்லை. குடும்பக் கதை என்றாலும் பரவாயில்லை, எங்கள் குடும்பங்களின் முடிவு எல்லாருக்கும் முன்னமே தெரியும். நான் எழுதியது துப்பறியும் கதை. யார் கொன்றது என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகம் வெறும் கடதாசி.

நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். இல்ஃபோர்ட்டில் எங்கள் ஆட்களில் பாதிப் பேரை றோட்டுக்கு இறக்கிவிட்ட பாவம் என்னைச் சேரும். என்னுடைய இடப்பக்க இருக்கையின் கீழே எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. பழகுகிறவர் சுவரைப் பார்த்துக் காரை விடும்போது நான் "பதறாதேங்கோ, பதறாதேங்கோ" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு கீழே காலால் அதை மிதிப்பேன். பதறுவது முழுக்க நான்தான். தொழிலின் பெயரே பதட்டத்தை மறைப்பது.

பின்னுக்கு எடுத்து நிறுத்தப் பழக்குவதற்கு நான் வழக்கமாகப் போகும் அமைதியான தெருவின் முடிவில் ஒரு பழைய கல்மதில் நிற்கிறது. அரைவாசி இடிந்து, மேலே புல் முளைத்தது. முந்தி ஒரு காலத்தில் துறவிகள் இருந்த மடத்தின் மிச்சம். பழகுகிறவர்கள் அதைப் பார்த்துப் பயந்து பயந்து பின்னுக்கு எடுக்க, நான் அதைப் பார்த்துப் பார்த்து யோசிக்கத் தொடங்கினேன். இதுக்குள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? ஒருத்தனுக்குப் பல்லுக்குத்தினால் யார் பிடுங்கியிருப்பார்கள்? ஒருத்தனுக்கு இன்னொருத்தனைப் பிடிக்காவிட்டால், கதவைச் சாத்திவிட்டு வெளியில் போகவும் ஏலாத இடத்தில், என்ன நடந்திருக்கும்?

நூலகத்தில் இருந்து புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசக்கூடாதாம். உப்பு வேண்டும், மீன் வேண்டும் என்றால் கையால் காட்டவேண்டும். பேசாமல் இருக்கிற ஒரு கூட்டம்! நான் மயங்கிப்போனேன். சதுப்பு நிலத்து நடுவில் எனக்கென்று ஒரு மடத்தை நானே கட்டினேன். கடும் மாரி. விடியற்புறம் மீன்குளத்தில், கரையோரம் பனிக்கட்டி பிடித்த தண்ணீரில், உக்கிராணப் பொறுப்பில் இருந்த துறவி முகங்குப்புறக் கிடக்கிறார். விசாரிக்க வந்தவர் ஒவ்வொருவராகக் கேட்கிறார். முதல் மணி அடித்தபோது நான் படுக்கையில், இரண்டாம் மணி அடித்தபோது நான் கோயிலில் என்று எல்லாரும் பதில் சொல்கிறார்கள். எல்லார் கணக்கும் சரியாக இருக்கிறது. அங்கேதான் கதை.

ஒரு கேள்வியை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. "எங்கடை கதை இவ்வளவு கிடக்க, உமக்கேன் வெள்ளைக்காரச் சாமிமாரின்ரை கதை?" வாழ்த்துரை சொல்ல வந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள், வாழ்த்துகிற குரலிலேயே. நான் இந்த ஊரில் இருக்கத் தொடங்கி, ஊரில் இருந்த காலத்தைவிட அதிகமாகிவிட்டது. அந்த மதிலுக்குப் பக்கத்தில் நான் கழித்த மணித்தியாலங்களை அந்தத் துறவிகளே கழித்திருக்க மாட்டார்கள். அது யாருடைய மதில் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உண்மையான காரணம் வேறு. இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில், ஒரு சின்ன அறையில் ஒரு அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருக்க, என் கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றும் விடாமல். பிறகு அதையே இன்னொரு அறையில் இன்னொருவருக்கு. ஒரு இடத்தில் எனக்கு நாக்கு நின்றுபோனது. அந்த இடைவெளியை அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சொல்லாமல் விட்டால் பொய்யன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அதன்பிறகு இந்த நகரத்தில், நான் விரும்பும்வரை சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமை உள்ள ஒரே விஷயம் இந்தக் கொலைகாரன்தான். என் மனிசிக்குக்கூட நான் சொல்லவில்லை. அவள் வாசித்துக்கொண்டு வரும்போதே "மடத்துத் தலைவர்தான், எனக்கு முதலே தெரியும்" என்று சொன்னாள். பிழை என்று தெரிந்தபிறகு என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. அந்தக் கோபம்தான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஆய்வுரைக்கு யார் என்ற பேச்சே இல்லை. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் இருக்கிறார். என் மனிசிக்கும் படிப்பித்தவர். லண்டனில் தமிழில் எந்தப் புத்தகம் வந்தாலும் ஆய்வுரை அவர்தான், அவரைக் கேட்காமல் விட்டால் அது ஒரு குடும்பச் சண்டை. வயது போய்விட்டது, ஆனாலும் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டு, அட்டையில் இருந்து அட்டை வரை வாசிப்பார். அது உண்மை. ஆனால் முடிவை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவதும் அவர்தான். காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கிற தாயைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தா. இவர் மைக்கைப் பிடித்தவுடன் சொன்ன முதல் வசனம்: "இந்தத் தாயின் மகன் திரும்பி வரவேயில்லை." முன்வரிசையில் இருந்த அந்த எழுத்தாளரின் தலை அப்படியே குனிந்ததை நான் பார்த்தேன். அன்றைக்குத் தொடங்கிய கோபம் இது.

ஆகவே தொலைபேசி எடுத்தேன்.

"சேர், ஒரு சின்ன உதவி."

"சொல்லும் தம்பி."

"கொலைகாரன் ஆரெண்டதை மட்டும் மேடையிலை சொல்லாதேங்கோ."

"முடிவைச் சொல்லாமல் என்னெண்டு ஆய்வுரை செய்யிறது?"

"கிட்ட வரைக்கும் போங்கோ சேர். வாசலிலை நில்லுங்கோ. உள்ளுக்கு மட்டும் போகாதேங்கோ."

"சனம் என்ன நினைக்கும்? நான் புத்தகத்தை முடிக்கேல்லை எண்டெல்லோ நினைக்கும். எனக்கு மறதி வந்திட்டுது எண்டு இப்பவே ரெண்டு பேர் கதைச்சுத் திரியினம். உம்மடை கதையைக் காப்பாத்திறதுக்கு நீர் என்ரை பேரையெல்லோ கேக்கிறீர்?"

"சேர், அப்பிடி இல்லை..."

"யோசிக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த பதட்டத்தில், பழகுகிற ஒரு பிள்ளை சிவப்பு விளக்குக்கு ஒழுங்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வர, நான் அதற்கு மேலே மிதித்து, பின்னால் வந்த வான்காரனிடம் அழகான பேச்சு வாங்கினேன். "அங்கிள், நான்தான் ஓல்றெடி பிரேக் பிடிச்சிட்டனே?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. யோசிக்கிறன் என்றால் என்ன? எங்கள் ஆட்களில் யோசித்துவிட்டு முடிவைச் சொல்லாமல் விட்ட ஒருவரைக் காட்டுங்கள், நான் தொழிலை விடுகிறேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கு வருகிற யோசனைகள் எல்லாம் பதட்டத்தில் வருகிறவை. அந்த நேரம் அவை மிகவும் கெட்டித்தனமானவையாகத் தெரியும்.

ஊரில் என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன் இல்ஃபோர்ட்டில் அச்சகம் வைத்திருக்கிறான். கலியாணக் கார்ட், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டு அழைப்பு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவு மலர் எல்லாம் அவன்தான். என் புத்தகத்தையும் அவன்தான் அடித்தான். இந்தக் காலத்து மெஷினில் ஒரே ஒரு பிரதியை வேறு மாதிரி அடிப்பது பெரிய வேலை இல்லை.

"மச்சான், சேருக்கு மட்டும் ஒரு தனிப் பிரதி. கடைசி அத்தியாயம் வேறை."

"வேறை எண்டால்?"

"வேறை கொலைகாரன்."

அவன் கையில் இருந்த சாமத்திய வீட்டு அழைப்பைக் கீழே வைத்தான். "உனக்கு விசரே?"

"அவர் மேடையிலை சொல்லுவார். சனம் எல்லாம் கொலைகாரனைத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு வாங்கிக்கொண்டு போகும். வீட்டை போய் வாசிச்சால் ஆள் வேறை! எவ்வளவு வடிவா இருக்கும், சொல்லு."

"வடிவாத்தான் இருக்கும். அவருக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் ஒரு பகிடி சொன்னேன். என்ன பகிடி என்று இப்போது நினைவில்லை. அவன் சிரித்துவிட்டு அடித்துத் தந்தான்.

புதிய முடிவை நான் அவசரத்தில் எழுதினேன். மடத்து வைத்தியத் துறவியைப் பிடித்துப் போட்டேன். மூலிகைக் கசாயம், மயக்கம், குளம். இந்த மாதிரிக் கதைகளில் வைத்தியனைச் சந்தேகப்படாத ஆள் உண்டா? சேரிடம் நேரில் போய்க் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவரே எடுத்தார். "தம்பி, கடைசி அத்தியாயம் அருமை. மற்றதெல்லாம் கொஞ்சம் இழுவை. கடைசியிலைதான் நீர் எழுத்தாளன்." ஒரு வருஷத்துக்கு மேல் நான் மயிரைப் பிய்த்து எழுதியது இழுவை. தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதியது அருமை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. மண்டபம் நிறைந்துதான் இருந்தது. இந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேடையில் எனக்கு ஒரு கதிரை, பக்கத்தில் சேருக்கு ஒரு கதிரை. விளக்கு, அகவணக்கம், உரைகள். தலைமை தாங்கியவர் என் கதையை 'ஆன்மீக நாவல்' என்றார். வாழ்த்த வந்தவர், எங்கள் அவலங்களை எழுதாமல் அடுத்தவனின் மடத்தைப் பற்றி எழுதுவது ஏன் என்று என்னைப் பார்த்தே கேட்டுவிட்டு, "இருந்தாலும் வாழ்த்துகிறேன்" என்றார். எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. பின்வரிசையில் இருந்து அச்சகச் சிநேகிதன் எனக்குக் கண்ணடித்தான்.

சேர் எழும்பினார். கோட்டுப் பையில் இருந்து மடித்த தாள்களை எடுத்தார். முதல் வசனத்திலேயே வைத்தியரைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மடம், சதுப்பு நிலம், மீன்குளம், பிணம். வடிவாகச் சொன்னார். நான் எழுதியதைவிட வடிவாக. துறவிகள் மேசையில் கைகாட்டுவதை அவரே செய்து காட்டினார், சனம் சிரித்தது. விசாரணை, மணிகள், சந்தேகம். கதை முடிவுக்குக் கிட்டக் கிட்ட, மேசைக்குக் கீழே என் வலதுகால் தானாக நிலத்தை மிதிக்கத் தொடங்கியது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்லவேண்டும் என்றுதானே எல்லாம் செய்தேன், பிறகு ஏன் மிதிக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சேர் தாளை மடித்தார்.

"கொலைகாரன் ஆரெண்டு நான் சொல்லப்போறதில்லை. நூலாசிரியர் என்னட்டை ஒரு உதவி கேட்டவர். வாசிச்சுப் பாருங்கோ. நன்றி."

மண்டபம் ஒரு கணம் விளங்காமல் இருந்தது. நானும்தான். இத்தனை வருஷ ஆய்வுரைகளில் அந்த மனுசன் முடிவைச் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்காக.

முன்வரிசையில் இருந்து ஒரு அன்ரியின் குரல், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்க: "சேர் கடைசி மட்டும் போகேல்லைப் போல."

சிரிப்பு.

"வயசு போச்சுத்தானே, பாவம்," என்றது ஒரு ஆண் குரல். "வாசிச்சிருப்பார், ஞாபகம் வந்திருக்காது."

இன்னும் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். இரக்கப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. சேர் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். தாளைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், பையின் வாய் கையில் அகப்படவில்லை. திரும்பத் திரும்ப முயற்சித்தார். கடைசியில் தாளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

எனக்கு ஏற்புரைக்கு அழைப்பு வந்தது. எழுதி வைத்திருந்த உரையில் நல்ல பகிடிகள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தேன். பழகுகிறவர் வளைவில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் எப்படிப் பாய்ந்து பிடிப்பேனோ அப்படி.

"உங்களுக்கெல்லாம் வெக்கமில்லையா?" என்று தொடங்கினேன். இப்படித் தொடங்கிய ஏற்புரை லண்டனில் முன்பின் இருந்திருக்காது. "ஒரு மனுசன் ஒரு சொல்லை வாய்க்குள்ளை வைச்சிருந்தால் அவனுக்கு ஒண்டும் தெரியாது எண்டு முடிவு கட்டுறீங்கள். எல்லாத்தையும் கொட்டினால்தான் நம்புவீங்களோ? சேர் ஒரு வரி விடாமல் வாசிச்சவர்! நான் கேட்டதாலைதான் சொல்லேல்லை. மணியடிக்கிற துறவிதான் கொலை செய்தவன், எல்லாரும் மணியை வைச்சுத்தான் நேரம் சொல்லினம், மணியையே அவன் பிந்தித்தான் அடிச்சவன், அதாலைதான் எல்லார் கணக்கும் சரியா வந்தது எண்டு அவருக்கு வடிவாத் தெரியும்!"

மண்டபம் அமைதியானது. அகவணக்கத்தைவிட நல்ல அமைதி.

அந்த அமைதிக்குள்தான் எனக்கு உறைத்தது. நானே சொல்லிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, மனிசிக்கும் சொல்லாததை, மைக்கில், தெளிவாக, காரணத்தோடு.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. சேரின் குரல். பிள்ளையின் பிழையைத் திருத்துகிற பழைய அதிபரின் குரல்.

"இல்லையே தம்பி... வைத்தியர் எல்லோ?"

அந்த மண்டபம் சிரித்த சிரிப்பை நான் இனிமேல் மறக்கப்போவதில்லை. அன்ரி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த தன் புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டி, "இல்லை சேர், இஞ்சை மணியடிக்கிறவர்தான்" என்றா, மிகவும் அன்பாக. சேர் தன்னுடைய பிரதியைத் திறந்தார். பென்சில் கோடு போட்ட பக்கம். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார். வாசிக்கிறபோது அவருடைய உதடு மெல்ல அசைந்தது. அன்ரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம். தன் தலைக்குள் ஏதோ கழன்றுபோய்விட்டது என்று அந்தக் கணம் அவர் நம்பிவிட்டார். கண் முன்னால் இருக்கிற எழுத்தையே நம்பாமல், தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

பகிடிக்காரனுக்கு இங்கேதான் ஒரு பகிடி வரவேண்டும். எனக்கு வரவில்லை. "பதறாதேங்கோ" என்ற சொல் மட்டும் வாயில் வந்தது, அதை யாருக்குச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"சேர், நீங்கள் சரி," என்றேன். மைக் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "உங்கடை புத்தகத்திலை வைத்தியர்தான். உங்களுக்கு மட்டும் வேறை முடிவு போட்டு ஒரு பிரதி அடிச்சனான். நீங்கள் மேடையிலை சொல்லிப்போடுவீங்கள் எண்ட பயத்திலை."

பின்வரிசையில் அச்சகச் சிநேகிதன் கதிரையில் சரிந்து மறைந்துகொண்டான். முன்வரிசையில் இருந்து என் மனிசி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் காணாது. அன்ரி "ஐயோ, சேருக்கே?" என்றா. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவு நேரமும் அவரைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள் இப்போது அவருக்காக என் மேல் பாய்ந்தன. அது எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை, அதுதான் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் போனதற்குக் காரணம்.

சேர் எழும்பி மைக்குக்கு வந்தார். நான் விலகினேன்.

"அப்ப எனக்கு மூளை பிசகேல்லை," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"இனி என்ன, எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான் வாசிச்ச புத்தகம் இது. இந்த மண்டபத்திலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லாத புத்தகம். கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கிறன்."

வாசித்தார். முழுக்க. நேரம் முடிந்துவிட்டது என்று மண்டபக்காரர் கதவடியில் வந்து நின்று திறப்பை ஆட்டிக் காட்டினார். ஒருவரும் எழும்பவில்லை. வடை ஆறியது. எங்கள் சனம், சின்னப்பிள்ளைகள் உட்பட, வாயை மூடிக்கொண்டு, வைத்தியத் துறவி கசாயம் காய்ச்சுவதையும் கையில் விளக்கோடு குளக்கரைக்குப் போவதையும் கேட்டார்கள். நான் எழுதிய குப்பை அது. அவருடைய குரலில் குப்பையாகக் கேட்கவில்லை. வாசித்து முடிந்ததும் கைதட்டினார்கள். என்னுடைய சரியான முடிவுக்குக் கிடைக்காத கைதட்டல், என்னுடைய பிழையான முடிவுக்கு. தேத்தண்ணி வரிசையில் மூன்று நான்கு பேர் என்னிடம் வந்து "அண்ணை, சேரின்ரை முடிவு இருக்கிற புத்தகம் இன்னும் அடிப்பீங்களோ?" என்று கேட்டார்கள். அடிக்கமாட்டன் என்று நான் சொன்ன விதத்தில் ஒருவர் தேத்தண்ணியைச் சிந்திவிட்டார்.

சேரை வீட்டில் விடுகிற பொறுப்பு என்னுடையது. முன்னமே அப்படித்தான் ஒழுங்கு. மனிசி யாரோடோ போய்விட்டாள், என்னோடு வர விருப்பமில்லை என்று அதற்கு அர்த்தம். சேர் என் காரின் இடப்பக்க இருக்கையில், நான் வழக்கமாக இருக்கிற இடத்தில், புத்தகத்தை மடியில் வைத்தபடி ஏறி இருந்தார்.

வழியெல்லாம் நான் கத்திக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. இந்தச் சனம் திருந்தாது சேர். கேட்ட உடனே சிரிக்கிறவை, பிறகு நல்ல பிள்ளை மாதிரி என்னைப் பேசுகிறவை. ஆன்மீக நாவலாம். அடுத்தவனின் மடமாம். உங்களுக்கு மறதியாம். கேட்டவைக்கு ஒரு நாள் நான் காட்டுகிறேன். இல்ஃபோர்ட்டுக்குள் வந்து அவருடைய தெருவுக்குத் திரும்பியும் நான் நிறுத்தவில்லை, முடிவை எல்லாம் எனக்கு முதல் சொல்லிக் கெடுக்கிற இந்தச் சனம் என்று திரும்பத் தொடங்கினேன்.

கார் டக்கென்று நின்றது. பெல்ட் நெஞ்சில் இறுகியது. நான் மிதிக்கவில்லை. கீழே பார்த்தேன். சேரின் சப்பாத்துக் கால் என்னுடைய பிரேக்கில் இருந்தது.

"இதுதானே நிப்பாட்டிற கட்டை?" என்றார்.

"ஓம் சேர்."

"அப்ப கொஞ்சம் நிப்பாட்டும்."

தெருவில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எஞ்சின் நின்றுபோயிருந்தது, ஏனென்றால் நான் கிளச்சை மிதிக்கவில்லை. யாராவது பழகுகிறவர் அப்படிச் செய்திருந்தால் நான் ஒரு பாடமே நடத்தியிருப்பேன்.

"நீர் கேட்டாப் பிறகு நான் நித்திரையில்லாமல் யோசிச்சனான். சொல்லுறதோ, விடுறதோ எண்டு. மேடைக்கு ஏறுமட்டும் முடிவில்லை. என்ரை பேர் போனாலும் போகட்டும் எண்டுதான் விட்டனான்." அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "நீர் அதுக்கு முதலே, நான் சொல்லுவன் எண்டு முடிவு கட்டி, புத்தகமே அடிச்சு வைச்சிட்டீர்."

அந்தச் சின்ன அறை எனக்கு நினைவு வந்தது. நான் பேசாமல் இருந்த இடைவெளியைப் பார்த்த முகம் நினைவு வந்தது. வாயைத் திறந்தேன்.

"பேசாதையும்," என்றார் சேர். "கொஞ்ச நேரம்."

பேசாமல் இருந்தேன். சுலபமான வேலை இல்லை அது. எதிர்ப்பக்கத்து வீட்டில் யாரோ திரையை விலக்கி, நடுத்தெருவில் நிற்கிற கற்பிக்கும் காரைப் பார்த்தார்கள். கூரையில் இன்னும் பழகுகிறவருக்கான சிவப்பு L எழுத்துப் பலகை இருந்தது.

அவர் காலை எடுத்தார். கதவைத் திறந்தார். நான் சுற்றி ஓடிப்போய்க் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.

"புத்தகம் சேர்," என்றேன். "அதை மாத்தி நல்ல பிரதி ஒண்டு தாறன்."

அவர் அதைக் கோட்டுக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"தரமாட்டன்," என்றார். "மணியடிக்கிறவனை நான் நம்பேல்லை."

இரண்டு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் காருக்குள் வந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இல்லாமல், அவர் இருந்த இடத்தில் ஏறி இருந்தேன். கால் தானாகக் கட்டையைத் தேடிப் போனது.